தென்னை மறைத்த வீட்டுத்தோட்டம்: எழுவான்கரை வளவொன்றை வானிலிருந்து படமாக்கிய நிகழ்வு பற்றிய ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரைக் கிராமமொன்றில், தமிழ் அலைவரிசை ஒன்றுக்காகப் படமாக்கப்பட்ட வீட்டுத்தோட்டத் தொடரின் ஒரு பகுதி இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அலைவரிசையின் பெயரும் கிராமத்தின் பெயரும் வளவுக்குரிய குடும்பத்தின் பெயரும் தரப்படவில்லை. படத்தொகுப்பின் இரண்டாங் கட்டத்தில் ஆலோசனைக்கு அழைக்கப்பட்டவன் என்ற முறையில், ஒளிபரப்பான காட்சிகளோடு ஒதுக்கப்பட்ட காட்சிகளையும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இவ்வாய்வு பெரும்பாலும் அந்த ஒதுக்கப்பட்ட காட்சிகளிலிருந்தே பிறந்தது. ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தி எடுத்த காட்சி ஒரு தோட்டத்தைப் பற்றிப் பார்ப்பவருக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே கேள்வி. கிழக்கிலங்கை வளவுகளைப் பொறுத்தவரை அதற்குக் கிடைக்கும் விடை, ஐரோப்பியத் தோட்ட நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பழகிய கண் எதிர்பார்க்கும் விடை அன்று.

தரையில் வரைந்த தோட்டமும் அடுக்கி வளர்த்த தோட்டமும்

தோட்ட நிகழ்ச்சி தொலைக்காட்சியோடு உடன்பிறந்தது எனலாம். பி.பி.சி. 1936 இல் இலண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்திலேயே, வானொலியில் புகழ்பெற்றிருந்த சி. எச். மிடில்டன் அம்மாளிகை வளாகத்தில் அமைத்த தோட்டத்தில் நின்று பேசினார். 1955 இல் தொடங்கிய ‘கார்டனிங் கிளப்’ கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பானது. பூவின் நிறத்தைத் தொகுப்பாளர் வாயால் சொல்லியே விளக்க வேண்டியிருந்த காலம் அது. 1968 இல் ‘கார்டனர்ஸ் வேர்ல்ட்’ தொடங்கியபோது வண்ண ஒளிபரப்பு வந்து அந்தக் குறை தீரும் வழி பிறந்திருந்தது. நமது பக்கத்தில் தூரதர்ஷன் 1967 ஜனவரி 26 இல் தொடங்கிய ‘கிருஷி தர்ஷன்’, பின்னர் சென்னையிலிருந்து வந்த ‘வயலும் வாழ்வும்’ ஆகியவை உழவருக்கானவை. அலங்காரத் தோட்டத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆயினும் இவை எல்லாவற்றிலும் கமரா ஒரே உயரத்தில்தான் நின்றது. மண்ணைக் கிளறும் கை, கவாத்து வெட்டும் கத்தி, இலையின் அடிப்புறம் என்று, குனிந்து வேலை செய்யும் ஒருவரின் கண் போகும் இடங்களுக்கே கமராவும் போனது. மேலே ஏற வேண்டுமானால் ஹெலிகொப்டர் வேண்டும், அல்லது பாரந்தூக்கி போன்ற பெரிய கை வேண்டும். இரண்டும் பெருஞ் செலவு. 2013 ஜனவரியில் டி.ஜே.ஐ. நிறுவனம் ‘பாந்தம்’ ட்ரோனை விற்பனைக்கு விட்டதைத் தொடர்ந்து அச்செலவு சரிந்தது. இன்று வானிலிருந்து இறங்கும் காட்சியோடு தொடங்காத தோட்ட நிகழ்ச்சியைக் காண்பது அரிது.

அந்தத் தொடக்கம் சில தோட்டங்களுக்குப் பொருத்தமானதே. பதினான்காம் லூயி மன்னருக்காக ஆந்திரே லெ நோத்ர் வகுத்த வெர்சாய் தோட்டத்தின் பாத்திக் கோலங்கள் மாளிகையின் மேல்தள யன்னல்களிலிருந்து பார்க்கவென்றே வரையப்பட்டவை. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் காலத்தில் அமைந்த சிகிரியாவின் நீர்த்தோட்டத்தைத் தரையில் நடந்து பார்ப்பவருக்குத் தனித்தனிக் குளங்களும் பாதைகளும் தெரியும். குன்றின் உச்சியிலிருந்து மேற்கே பார்ப்பவருக்கே அவை ஒரு நடுக்கோட்டின் இருபுறமும் ஒத்து அமைந்திருப்பது விளங்கும். அங்கே கமராவுக்கான இடத்தை அரசன் அன்றே கட்டி வைத்துவிட்டான். இங்கிலாந்தின் சாட்ஸ்வேர்த் மாளிகையில் நடந்தது இன்னும் சுவையானது: 1699 இல் அமைத்து, 1730களில் புல் மூடிப்போன பூங்கோலமொன்றின் கோடுகள் 2018 ஆம் ஆண்டுக் கோடையில் புற்றரை காய்ந்தபோது வெளியே தெரிந்தன; மேலிருந்து எடுத்த படங்களில் அந்தக் கோலம் முழுமையாக விழுந்தது. இருநூற்று எண்பது ஆண்டுகளாகப் புல்லின் கீழ்க் கிடந்த தோட்டத்தை வானிலிருந்து எடுத்த படம் முழுமையாகக் காட்டித் தந்தது.

இவை மூன்றும் தரையில் வரைந்த தோட்டங்கள். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர வளவு அப்படிப்பட்டதன்று. அது அடுக்கி வளர்த்த தோட்டம். மேலே தென்னையும் மாவும் ஈரப்பலாவும், அவற்றின் கீழ் முருங்கை, வாழை, பப்பாசி, தேசி, அன்னமுன்னா, அதற்கும் கீழே பாகலும் பயற்றையும் ஏறிய பந்தல், பந்தலின் ஓரத்தில் மிளகாயும் வெண்டியும் கத்தரியும், கிணற்றடி ஈரத்தில் பொன்னாங்காணியும் வல்லாரையும், மண்ணுக்குள் மரவள்ளியும் வத்தாளையும் என்று, ஒரே நிலத்தில் ஐந்தாறு தோட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. வானிலிருந்து பார்ப்பவருக்கு உச்சி அடுக்கு மட்டுமே தெரியும். அந்த அடுக்கில் வீட்டுக்காரியின் அன்றாட உழைப்பு எதுவும் இல்லை.

வளவு

ஆய்வுக்குரிய வளவு இருபது பேர்ச் அளவானது. பிரதான வீதிப் பக்கமிருந்து கடற்பக்கமாக, அதாவது மேற்கிலிருந்து கிழக்காக, ஏறக்குறைய 30 மீற்றர் நீளமும் தெற்கு வடக்காக 17 மீற்றர் அகலமும் கொண்டது. வீடு வீதிப் பக்கத்தில் இருக்கிறது. கிணறு வடகிழக்கு மூலையில் உள்ளது. சமையலறைக் கழிவுநீர் போகும் வழியில் வாழைகள் நிற்கின்றன. தெற்கு எல்லை நெடுகிலும் நான்கு தென்னைகள் உள்ளன. அவற்றுள் இரண்டு இந்த வளவுக்கும் மற்றவை அயல் வளவுக்கும் உரியன. நான்கும் 1978 நவம்பர் 23 சூறாவளி இந்த மாவட்டத்தின் தென்னைகளை முறித்துப் போட்டதன் பின்னர் நடப்பட்டவை. இன்று அவை ஏறக்குறைய 15 மீற்றர் உயரம். ஓலை விரிந்த உச்சிகளான வட்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன.

தென்னை வரிசைக்கு வடக்கே, வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையில் மிளகாய், வெண்டிப் பாத்திகள் இருக்கின்றன. இப்பாத்திகளில் ஒரு புதிர் இருந்தது. கிணற்று நீரை மட்டும் நம்பிச் செய்யும் கோடைப் பயிர், கச்சான் காற்று வீசும் மாதங்களிலும் நன்றாகக் காய்த்தது. மழையோடு செய்யும் மாரிப் பயிரோ கணு நீண்டு, மெலிந்து, பூவுதிர்த்து நின்றது. மாரியில் நிலநீர் மட்டம் உயர்ந்து வேர் மூச்சுத் திணறுவதே காரணம் என்று வளவுக்குரிய அம்மா நம்பினார். அது பொருளற்ற நம்பிக்கை அன்று. இக்கரையின் மணலுக்குள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படையாகவே கிடக்கிறது. மழைக்காலத்தில் அது மேலெழுந்து சில வளவுகளில் முற்றத்தையே நனைக்கும். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறிய பின் இப்படையில் உப்புக் கலந்து கிணறுகள் பயன்படாமற்போனதை இங்குள்ளோர் அனுபவித்திருக்கிறார்கள். நீரே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஊரில் பயிர் நோவதற்கும் நீரையே காரணங்காட்டுவது இயல்பு. விவசாயப் போதனாசிரியரும் பாத்தியை உயர்த்தும்படி சொல்லியிருந்தார். உயர்த்தியும் பயிர் தேறவில்லை.

நிகழ்ச்சிக் குழு இந்த வளவைத் தேர்ந்ததற்கு இப்புதிர் காரணமன்று. வீடு அழகாக இருந்தது, முற்றத்தில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பூத்திருந்தன, அவ்வம்மா கமராவுக்கு முன்னால் கூச்சமின்றிப் பேசினார். 2022 இல் உணவுத் தட்டுப்பாடு அஞ்சப்பட்ட வேளையில், அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்து பயிரிடச் சொன்ன அளவுக்கு வீட்டுத்தோட்டம் பேசுபொருளாக இருந்தது. அந்த அலையில் எழுந்த நிகழ்ச்சிகள் பல, விளைச்சலைவிட முற்றத்தின் தோற்றத்துக்கே முதன்மை தந்தன. இத்தொடரும் அந்தப் பழக்கத்திலிருந்து முற்றாக விடுபட்டதன்று.

முதல் தொகுப்பு

படப்பிடிப்பு தைப்பொங்கலை அடுத்த நாட்களில், வாடைக்காற்று சற்றே அடங்கியிருந்தபோது நடந்தது. முதல் தொகுப்பின் தொடக்கம் வழக்கமானது. காலை வெயிலில் கடலிலிருந்து புறப்பட்டு, தென்னந்தோப்புகளின் மேலாகப் பறந்து, வாவி மின்னுவதைக் காட்டி, பின் சுழன்று வளவின் மேல் வந்து நிற்கும் ஒரு நீண்ட காட்சி. அதன்மேல் புல்லாங்குழல் இசை. இசையின்மேல் தொகுப்பாளரின் வரவேற்புரை. ஒளிப்பதிவு என்ற வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அழகான காட்சிதான்.

ஒளிபரப்புக்கு முன் அத்தொகுப்பு கிராமத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர்களுக்கு மடிக்கணினியில் போட்டுக் காட்டப்பட்டது. தொடக்கக் காட்சி ஓடிய நேரம் முழுவதும் யாரும் தொகுப்பாளர் சொன்னதைக் கேட்கவில்லை. கோயில் எது, யாருடைய வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறது, சந்தி எந்தப் பக்கம் என்று தேடுவதிலேயே அவர்களின் கவனம் போயிற்று. வளவுக்குரிய அம்மா திரைக்கு நெருக்கமாக வந்து, “தம்பி, இதுக்குள்ள என்ட வளவு எங்க கிடக்கு?” என்று கேட்டார். இயக்குநர் விரலால் தொட்டுக் காட்டிய இடத்தில் நான்கு தென்னை வட்டுகளும் ஓட்டுக்கூரையொன்றும் மட்டுமே இருந்தன. தோட்டம் இல்லை.

தாம் வாழும் இடத்தை மேலிருந்து காணும் எவருக்கும் முதல் வேலை தம் இருப்பிடத்தைக் கண்டுபிடிப்பதுதான். அந்த வேலை முடியும்வரை காது திறக்காது. தூரத்து ஊர்க்காரருக்கு இத்தேடல் இல்லை. ஆனால் அவருக்கு வேறொரு வகையில் காட்சி வெறுமையானது: எந்தக் கரையோரக் கிராமத்தை மேலிருந்து எடுத்தாலும் கிடைப்பது தென்னையும் கூரையும் மணல் ஒழுங்கையுமே. நிந்தவூருக்கும் காரைதீவுக்கும் ஆரையம்பதிக்கும் வித்தியாசம் காண முடியாது. காத்தான்குடியில் வீடுகள் நெருங்கி நிற்பதால் தென்னையும் குறைந்து கூரைகளே மிஞ்சும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் வயல் வரம்புகளும் வாய்க்கால்களும் மேலிருந்து பார்க்க எத்தனையோ செய்திகளைச் சொல்லும். அது வயல், தோட்டமன்று. களுதாவளை மணலில் செய்யும் வெற்றிலைத் தோட்டமோ காற்றுக்கும் வெயிலுக்கும் அஞ்சி மறைப்புக் கட்டி வளர்ப்பது. அதை மேலிருந்து படமாக்கினால் மறைப்பே படமாகும்.

இதில் கணக்கும் உண்டு. சிறிய ட்ரோன்களில் பொதுவாகவுள்ள அகலக் கோண வில்லை, 35 மி.மீ. படச்சுருள் அளவில் சொன்னால் 24 மி.மீ. வில்லைக்கு நிகரானது. அது 50 மீற்றர் உயரத்திலிருந்து நேர்கீழே பார்க்கும்போது, திரையின் அகலத்துக்கு 75 மீற்றரும் உயரத்துக்கு ஏறக்குறைய 42 மீற்றரும் அடங்கும். அதாவது 3,150 சதுர மீற்றர். இருபது பேர்ச் வளவுகள் ஆறு. 1,920 படப்புள்ளி அகலமுள்ள எச்.டி. திரையில் ஒரு புள்ளிக்கு நான்கு சென்ரிமீற்றர் வீதம் விழும். அரை மீற்றர் பரந்த மிளகாய்ச் செடிக்குப் பதின்மூன்று புள்ளிகள்தான் கிடைக்கும். கைத்தொலைபேசியில் பார்ப்பவருக்கு அது ஒரு பச்சைத் துகள். கீழே இறங்கலாமே என்றால், 15 மீற்றரில் தென்னை வட்டு நிற்கிறது. அதற்கும் கீழே இறங்கினால் ஓலை சுழலியில் மாட்டும், இல்லையேல் சுழலிக் காற்றில் பந்தல் முழுவதும் ஆடும். காகக் கூட்டமும் செம்பருந்தும் வேறு விடா.

உச்சி வெயிலில் எடுத்து ஒதுக்கிய காட்சி

ஒதுக்கப்பட்ட பதிவுகளுள் நண்பகலில் எடுத்த ஒரு காட்சி இருந்தது. ட்ரோன் வளவின் நடுவுக்கு நேர்மேலே அசையாமல் நின்று எடுத்தது. ஒளிப்பதிவாளர் அதை வெளிச்சத்தைச் சரிபார்க்கவே எடுத்திருந்தார். வெயில் கடூரமாக, நிறங்கள் வெளிறி, நிழல்கள் கறுத்து இருந்ததால் பயன்படாதென்று தள்ளிவிட்டார். அவருடைய தொழில் நியாயப்படி அது சரி: சாய்ந்த காலை வெயிலும் மாலை வெயிலுமே நிலத்துக்கு மேடுபள்ளமும் பொன்னிறமும் தரும். ஆனால் பயிருக்கு வேண்டிய செய்தி அந்த வெளிறிய காட்சியிலேயே இருந்தது. வளவின் தென்பாதி முழுவதும் கறுப்பாகத் தெரிந்தது. மிளகாய்ப் பாத்திகள் அந்தக் கறுப்புக்குள் கிடந்தன.

காரணம் எளிது. மட்டக்களப்பு வடஅகலக்கோட்டில் ஏறக்குறைய 7.7 பாகையில் உள்ளது. ஏப்ரல் இரண்டாம் வார அளவிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் மட்டுமே சூரியன் நண்பகலில் தலைக்கு நேரே வரும். இடைப்பட்ட கோடை மாதங்களில் அது சற்று வடக்கே நிற்கும். ஜூன் பிற்பகுதியில் அதன் உயரம் 74 பாகை. மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். டிசம்பர் பிற்பகுதியில் 59 பாகை வரை தாழும். படப்பிடிப்பு நடந்த தை நடுப்பகுதியில் ஏறக்குறைய 61 பாகை. அந்த நாளில் 15 மீற்றர்த் தென்னையின் நண்பகல் நிழல் வடக்கே எட்டு மீற்றருக்கு மேல் விழும். வட்டின் விரிவையும் சேர்த்தால் 17 மீற்றர் அகலமான வளவில் பாதிக்கு மேல் நிழல். ஜூனில் அதே நிழல் நான்கு மீற்றர் அளவாகச் சுருங்கி, தெற்கே திரும்பி, அயல் வளவுக்குள் போய்விடும். கோடையில் காய்த்த பாத்தி மாரியில் காய்க்காமற்போனதற்கு நீர் மட்டுமே காரணமன்று. மாரி முழுவதும் அப்பாத்தி தன் உச்சி வெயிலை இழந்து நின்றது. மேகமூட்டத்தால் வெயில் ஏற்கனவே குறைந்த பருவத்தில் இவ்விழப்பு இன்னும் கனமானது. கணு நீண்டு மெலிதல், பூவுதிர்தல் என்ற அடையாளங்களும் வெயிற்குறைவோடு ஒத்துப்போகின்றன.

இதைத் தரையில் நின்று கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும். ஆயினும் தென்னை நிழல் ஆலமர நிழல்போல ஓரிடத்தில் கிடப்பதன்று; துண்டுதுண்டாக விழுந்து, காற்றுக்கு அசைந்து, மணிக்கு மணி இடம்மாறும். பாத்தியில் குனிந்து நிற்பவருக்கு அங்கே வெயிலும் இருக்கும், நிழலும் இருக்கும். நான்கு வட்டுகளின் நிழல்களும் கைகோத்து ஒரே பட்டையாகப் படுத்திருப்பது மேலிருந்து பார்த்தபோதே தெரிந்தது. இந்நிகழ்வில் வானக் காட்சி தன் கூலிக்கு உழைத்த இடம் இது ஒன்றே என்பது என் கணிப்பு.

அதே காட்சியில் இன்னும் சில சிறு செய்திகளும் கிடைத்தன. வாழைகள் கரும்பச்சையாகத் திரண்டு நின்ற இடம் கழிவுநீரின் பாதையைக் காட்டியது. அப்பாதை கிணற்றை நோக்கிச் சற்று வளைந்திருப்பது வீட்டாருக்கும் புதிய செய்தியாக இருந்தது. மலசலகூடக் குழிக்கும் அயல் வளவுக் கிணற்றுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்கவும் அதே படம் போதுமாக இருந்தது. மணற்றரையில் இது சிறிய விடயமன்று. எனினும் தொலைக்காட்சியில் காட்டக்கூடியதன்று என்பதால் வீட்டாரிடம் மட்டும் சொல்லப்பட்டது.

வேலிக்கு மேலே

கிடுகு வேலியும் தகர வேலியும் ஒழுங்கையால் போகிறவரின் கண்ணைத் தடுக்கக் கட்டியவை. கிணற்றடி வேலிக்குள் இருக்கிறது. பெண்கள் குளிப்பதும் துணி தோய்ப்பதும் அங்கேதான். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு வேலி ஒரு கோடு மட்டுமே. மேற்சொன்ன கணக்கின்படி ஒரு வளவை எடுக்கப் போன கமரா ஆறு வளவுகளை எடுத்து வந்தது. சம்மதம் பெற்றதோ ஒரு குடும்பத்திடம். பதிவுகளைப் பார்த்தபோது அயல் வளவொன்றின் கிணற்றடியில் ஆள்நடமாட்டம் தெரிந்தது. முகம் தெரியவில்லை என்பது சமாதானமாகாது. எந்த வீடு, யார் வீடு என்பது ஊருக்குத் தெரியும்போது முகம் எதற்கு?

ஓசையும் பேசப்பட வேண்டியது. வானில் இரைச்சல் கேட்டதும் வயதானோர் சிலர் வீட்டுக்குள் போனதைத் தரையிலிருந்த இரண்டாவது கமரா பதிவுசெய்திருக்கிறது. போர்க்காலத்தைக் கண்ட தலைமுறைக்கு வானத்து ஓசை வெறும் ஓசையன்று. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்கள் மட்டக்களப்புத் தேவாலயமொன்றையும் தாக்கின. அவற்றைத் தொடர்ந்து நாடு முழுவதும் ட்ரோன் பறப்பதற்குத் தடை வந்தது. தடை பின்னர் தளர்ந்த போதிலும், சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் இன்றிப் பறக்கவிட முடியாது. 2018 முதல் சிவில் பயன்பாட்டில் உள்ள மட்டக்களப்பு விமான நிலையம் நகரை ஒட்டியே இருப்பதால் பறக்கும் இடத்தையும் பார்த்துத் தேர வேண்டும். குழு இவ்வனுமதிகளைப் பெற்றிருந்தது. ஆனால் அதிகாரசபையின் கடிதம் அயல்வீட்டுப் பெண்ணின் சம்மதத்துக்கு ஈடாகாது. கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்ததும் ஆகாது. பறக்கவிடும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே வீடுவீடாகச் சொல்லியிருந்தால் பாதிச் சங்கடம் எழுந்திராது.

மறு தொகுப்பு

மறு தொகுப்பில் தொடக்கக் காட்சி நீக்கப்பட்டது. அலைவரிசை இதை எளிதில் ஏற்கவில்லை. வாவியும் கடலும் இல்லாத மட்டக்களப்பு நிகழ்ச்சியை யார் பார்ப்பார் என்று கேட்டது. கேள்வி முற்றிலும் அநியாயமானதன்று, ஏனெனில் அலைவரிசையை மாற்றிக்கொண்டே போகும் விரலை நிறுத்துவதில் அத்தகைய காட்சிக்குப் பங்குண்டு. ஆகவே அது முன்னோட்டத்துக்கு மாற்றப்பட்டது. நிகழ்ச்சி இப்போது அவ்வம்மாவின் கையில் தொடங்குகிறது: மாரிப் பாத்தியிலிருந்து ஒரு மிளகாய்ச் செடியையும் வடக்கு வேலியோரம் தானாக முளைத்த இன்னொன்றையும் பிடுங்கி, பக்கத்தில் வைத்து, ஒன்று ஏன் இப்படி, மற்றது ஏன் அப்படி என்று தொகுப்பாளரிடம் கேட்கிறார். பின்னர் வளவைச் சுற்றி நடக்கிறார்கள். போதனாசிரியர் நிலநீர் பற்றிப் பேசுகிறார். பார்ப்பவர் கிணறு, வாழை, பந்தல், பாத்தி ஆகியவற்றைத் தரையில் கண்டு, மனதில் ஒரு வரைபடம் போட்டுக்கொண்ட பிறகே நண்பகல் காட்சி வருகிறது. அது இசையின்றி, அசைவின்றி, பன்னிரண்டு விநாடிகள் நிற்கிறது. அவ்வம்மாவின் குரல் மட்டும் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டிப் போகிறது. நிழற்பட்டையைச் சுற்றி வட்டமோ அம்போ வரையத் தேவை ஏற்படவில்லை.

அயல் வளவுகளின் சிக்கலுக்குத் தொழில்நுட்பத்தில் ஒரு பகுதித் தீர்வு கிடைத்தது. காட்சி 4கே தரத்தில், 3,840 புள்ளி அகலத்தில் பதிவாகியிருந்தது. நடுவிலுள்ள 1,920 புள்ளியை மட்டும் வெட்டியெடுத்தால் 37.5 மீற்றர் அகலமும் 21 மீற்றர் உயரமுமான பரப்பு முழுத் தெளிவோடு கிடைக்கும். 30க்கு 17 மீற்றர் வளவு அதற்குள் அளவாக அடங்கியது. எல்லையோரம் எஞ்சிய கீற்றுகள் மங்கலாக்கப்பட்டன. இது ஒளிபரப்புக்கான தீர்வு மட்டுமே. மூலப் பதிவில் ஆறு வளவுகளும் அப்படியே இருந்தன; அயலார் தெரிந்த பகுதிகளை அழித்துவிடும்படி எழுத்தில் கேட்ட பின்னரே அவை அழிக்கப்பட்டன.

தென்னையை வெட்டும்படி நிகழ்ச்சி சொல்லவில்லை. இரண்டு மரங்கள் அயலாருடையவை; நான்கும் காய்ப்பவை. மாரியில் மிளகாயை வடக்கு வேலிப் பக்கமாக நகர்த்தி, நிழற்பட்டையில் அரைநிழலைத் தாங்கும் இஞ்சியும் மஞ்சளும் நடலாம் என்றும், கோடையில் பழைய பாத்திக்குத் திரும்பலாம் என்றும் போதனாசிரியர் காட்சியைப் பார்த்த பின் சொன்ன ஆலோசனை நிகழ்ச்சியின் கடைசி நிமிடங்களில் சேர்க்கப்பட்டது. ஆண்டு முழுவதும் பாத்தி ஓரிடத்திலேயே இருக்க வேண்டும் என்பது செங்கல் பதித்து எல்லை கட்டும் நவீன வீட்டுத்தோட்டத்தின் பழக்கம். மணலில் பாத்தியை நகர்த்த மண்வெட்டி போதும்.

எஞ்சியது பந்தலும் அதன் கீழுள்ள அடுக்குகளும். அவற்றைக் காட்டத் தரைக் கமராவுக்கு உயரம் போதவில்லை, ட்ரோனுக்கு இறங்க இடமில்லை. இதற்கு வழி கண்டவர் ஒளிப்பதிவாளரின் உதவியாளர். வீட்டில் தேங்காயும் மாங்காயும் பறிக்க வைத்திருந்த கொக்கத்தடியின் நுனியில் கைத்தொலைபேசியைக் கட்டி, பந்தலுக்கு மேலும் தென்னை வட்டுக்குக் கீழுமான ஐந்தாறு மீற்றர் உயரத்தில் மெல்ல நகர்த்தி எடுத்தார். தடி ஆடாமலிருக்க ஒருவர் அடியைத் தன் காலோடு அணைத்துப் பிடித்தார். பாகல் பூக்களும், பந்தலின் இடைவெளியால் தெரிந்த வெண்டியும், அதன் கீழ்ப் படர்ந்த வத்தாளைக் கொடியும் ஒரே சட்டத்தில் விழுந்தன. வேலிக்கு அப்பால் எதுவும் விழவில்லை. ஓசையும் இல்லை, அனுமதிக் கடிதமும் தேவைப்படவில்லை. ஒளிபரப்பான பகுதியில் மேலிருந்து எடுத்த காட்சிகள் என்று பார்ப்பவர் நினைப்பவற்றுள் பெரும்பாலானவை அந்தத் தடியால் எடுத்தவை. தொடரின் அடுத்த படப்பிடிப்புக்கான பொருட் பட்டியலில் இரண்டு கொக்கத்தடிகள் சேர்க்கப்பட்டன. ட்ரோன், படுவான்கரைச் சோளச் சேனைக்கென ஒரு நாளுக்கு மட்டும் முன்பதிவு செய்யப்பட்டிருக்கிறது.